மலைக்கு யார் பாரம்?

2024 மே மாதத் தொடக்கம். நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயமாவதற்குச் சில நாட்கள் முன்பு, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு அரசுப் பேருந்தில் ஏறினேன். பர்லியாறு தாண்டிச் சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. மேலே கார், கீழே கார். ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் பெருமூச்சு விட்டார். "எல்லாத்துக்கும் காரணம் ஜனத்தொகைதாம்மா. இந்தச் சின்ன மலை எத்தன பேரத்தான் தாங்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக எண்ணத் தொடங்கினேன். எங்கள் பேருந்தில் நின்றவர்களையும் சேர்த்தால் அறுபது பேருக்கு மேல் இருந்தோம். எதிரே நின்ற முதல் இருபது கார்களில் இருந்தவர்களைக் கூட்டினால் அறுபதைத் தொடவில்லை. இருபது கார்கள் சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கும், ஒரு பேருந்து எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

பெரியவர் சொன்னதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில், நான் மிகவும் மதிக்கும் ஒரு தோழரும் அதையே சொன்னார். "சாதி, வர்க்கம் எல்லாம் சரி தோழர். ஆனா அடிப்படைப் பிரச்சினை மக்கள்தொகைதான். தண்ணி இல்ல, காடு இல்ல, வேலை இல்ல. அதனாலதான் நான் குழந்தையே பெத்துக்கப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்." அவருடைய முடிவில் எனக்கு எந்தக் குறுக்கீடும் இல்லை. அது அவர் உடல், அவர் வாழ்க்கை. அதற்கு அவர் சொன்ன காரணத்தோடுதான் எனக்குச் சண்டை. அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது, இதுவரை யார் தலையில் விழுந்தது என்பது என் வீட்டுக் கதையும்கூட.

முதலில் மலையின் கணக்கைப் பார்ப்போம். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011-இல் 7,35,394. பத்தாண்டில் ஏறத்தாழ 27,000 பேர் குறைந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். சதுர கிலோமீட்டருக்கு மாநிலச் சராசரி 555 பேர். எங்கள் மாவட்டம் 300-ஐக்கூடத் தொடவில்லை. மலையில் பாதிக்குமேல் காடு, ஆகவே இந்தச் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குறைந்தது குறைந்ததுதானே? ஆள் குறைந்த பத்தாண்டிலும் அதற்குப் பிறகும்தான் தண்ணீர்ப் பஞ்சமும் நெரிசலும் கட்டடங்களும் கூடிக்கொண்டே போயின. ஆள் குறையக் குறையக் கூடும் ஒரு பிரச்சினைக்கு ஆள் பெருக்கம் காரணம் என்று எப்படிச் சொல்வது?

போனவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். என் மாமா போனார். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது தோட்டங்களில் வேலைநாள் சுருங்கியது. ஊட்டியில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தேய்ந்து தேய்ந்து மூடப்பட்டது. லைன் வீடுகளிலிருந்து இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவை மில்களுக்கும் இறங்கினார்கள். 2011 கணக்குப்படி மாவட்டத்தில் நூற்றுக்கு 32 பேர் பட்டியல் சாதியினர். மாநிலத்தில் இவ்வளவு உயர்ந்த விகிதம் உள்ள மாவட்டங்கள் மிகக் குறைவு. வேலை தேடி மலையிறங்கிய கூட்டத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று தனியாக யாரும் எண்ணவில்லை. எங்கள் லைனில் இருபத்து நான்கு வீடுகள் இருந்தன. இப்போது புகை வருவது ஒன்பது வீட்டில்.

சரி, மலையேறியது யார்? இ-பாஸ் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்த கணக்குப்படி, சீசனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைந்தன. அதில் பாதிக்குமேல் கார்கள். 2025 மார்ச்சில் நீதிமன்றம் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பு வைத்தது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் அந்த வரம்பு கிடையாது. கவனியுங்கள், நீதிமன்றம்கூடத் தலைகளை எண்ணவில்லை, வண்டிகளைத்தான் எண்ணியது. பெரியவருக்கும் எங்கள் தோழருக்கும் எட்டாத ஒரு சின்ன உண்மை நீதிபதிகளுக்கு எட்டியிருக்கிறது.

தண்ணீருக்கும் இதே கதைதான். நான் இப்போது வாடகைக்கு இருக்கும் மலை நகரத்தில், எங்கள் தெருவுக்குக் கோடையில் எட்டு நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். குடத்தை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்போம். அதே தெருவின் மேல்முனையில் ஒரு விடுதி இருக்கிறது. அங்கே லாரியில் தண்ணீர் இறங்கும். அறைக்கு அறை வெந்நீர்த் தொட்டி. லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஊருக்கு வெளியே யாரோ ஒருவரின் கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும்தான். ஐந்து பேர் உள்ள என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் செலவழிக்கும் தண்ணீர், அங்கே ஒரு தம்பதிக்கு ஒரு நாளைக்குப் போதுமா என்பதே சந்தேகம். குந்தா, பைக்காரா என்று அணை அணையாகக் கட்டிச் சமவெளிக்கு மின்சாரமும் தண்ணீரும் கொடுக்கும் மலை இது.

சீகூர் பீடபூமியில் யானைகளின் வழித்தடத்தை மறித்து நின்றவை ரிசார்ட்டுகள். 2018 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொல்லித்தான் சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபரில் வழித்தடம் செல்லும் என்று இறுதியாகத் தீர்ப்பு வந்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதும் "சரிவில் ஏன் வீடு கட்டினார்கள்" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சமதரை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் அதன் கூடவே வர வேண்டும். அது வரவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

1971-இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. நடத்தியது உபாசி. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம். யோசனை, ரொனால்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளருடையது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண் தொழிலாளி கர்ப்பமாகாமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் நிர்வாகம் 5 ரூபாய் அவள் பெயரில் ஒரு கணக்கில் போடும். கையில் தராது. வேலையை விட்டுப் போகும்போதோ, பிள்ளை பெறும் வயதைக் கடந்த பிறகோதான் எடுக்கலாம். அளவுக்கு மேல் பிள்ளை பெற்றால் சேர்ந்த தொகையிலிருந்து ஒரு பகுதி பறிபோகும். மேலும் பெற்றால் மேலும் பறிபோகும். 'பேறில்லாமைக்குப் போனஸ்' என்ற பொருளில்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். உலகெங்கும் மக்கள்தொகை நிபுணர்களின் இதழ்களில் அந்த மூன்று தோட்டங்களும் முன்மாதிரியாகப் பேசப்பட்டன.

இதில் மூன்று விஷயங்களை என்னால் கடந்து போக முடியவில்லை. கணக்கு பெண்ணின் பெயரில் மட்டும்தான். ஆண் தொழிலாளிக்கு ஐந்து ரூபாயும் இல்லை, அபராதமும் இல்லை. அடுத்து, அவள் மாதா மாதம் கர்ப்பமாக இருக்கிறாளா இல்லையா என்பது தோட்டத்து அலுவலகப் பேரேட்டில் ஏறும் ஒரு விவரமாகிவிட்டது. கொழுந்து எத்தனை கிலோ என்ற பதிவுக்குப் பக்கத்தில் இதுவும். மூன்றாவதுதான் முக்கியம். இந்தத் திட்டம் நிர்வாகத்துக்கு இலாபம் என்பதை அவர்கள் ஒளிக்கவே இல்லை. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, மருத்துவம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கு மேல் பேறுகாலப் படி. ஒரு பிள்ளை பிறக்காவிட்டால் நிர்வாகத்துக்கு மிச்சமாகும் பணம், தாய்க்குப் போடும் ஐந்து ஐந்து ரூபாயைவிட அதிகம். அந்தக் கணக்கின் மேல்தான் யோசனையே கட்டப்பட்டது.

ஆக, 'மக்கள்தொகைப் பெருக்கத்தால் வளம் குறைகிறது' என்பதில் அந்த வளம் யாருடையது? இங்கே அது நிர்வாகத்தின் இலாபம். பெருகியவர்கள் அதற்கு இடையூறாக இருந்த தொழிலாளிகளின் பிள்ளைகள்.

அதே காலத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம். சமவெளியில் ஒரு குடும்பம் இத்தனை ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொன்ன அந்தச் சட்டம், தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. தோட்டக்காரரின் ஏக்கருக்கு வரம்பு இல்லாத அதே மலையில் தோட்டத்துக்காரியின் கருப்பைக்கு வரம்பு வந்தது.

என் அம்மாயி அந்த மூன்று தோட்டங்களில் வேலை செய்தவர் அல்ல. அவர் இருந்தது வேறொரு தோட்டம், பெயர் வேண்டாம். இலங்கையில் அட்டன் பக்கம் பிறந்தவர். 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் கிடந்து, கையில் ஒரு குடும்ப அட்டையோடு நீலகிரிக்கு வந்தவர். இரண்டு பிள்ளைகளோடு வந்தார், இங்கே மூன்றாவது பிறந்தது. 1976-இல் ஒரு முகாம் நடந்தது. "பேர் பதியணும்னா போயிட்டு வாங்க" என்று சொன்னார்களாம். நிரந்தரத் தொழிலாளியாகப் பெயர் பதிய வேண்டுமானால் ஆபரேசன் செய்துகொள்ள வேண்டும் என்று பொருள். எழுத்தில் எங்கும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் கொஞ்சம் ரூபாயும் கிடைத்தது. எட்டாம் நாள் கொழுந்துக்குப் போனார். தாத்தாவை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். "பாரம் தூக்குற ஆம்பளைக்கு ஆவாதுன்னாங்க." அம்மாயி முதுகில் தூக்கிய கொழுந்துக் கூடை பாரமில்லை போலிருக்கிறது.

இதை வெறும் கொடுமைக் கதையாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அம்மாயி சொன்னது இது: "எனக்கும் இனி வேணாம்னுதான் இருந்துச்சு புள்ள. மூணு போதும்னு நெனச்சேன். ஆனா என்னைய யாரும் கேக்கல." அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவர் விரும்பியதும் அவருக்குச் செய்யப்பட்டதும் ஒன்றே. இருந்தும் ஐம்பது ஆண்டுகளாக அது அவருக்கு ஆறவில்லை.

அவருக்கு முன்னால் இருந்த தலைமுறைகளையும் யாரும் கேட்டதில்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் இலட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் மக்கள் உணவைவிட வேகமாகப் பெருகுகிறார்கள் என்பதுதான் வைஸ்ராய் லிட்டனின் விளக்கமாக இருந்தது. 1798-இல் மால்தஸ் எழுதியதன் எதிரொலி. தானியம் அப்போதும் கப்பலில் வெளியே போய்க்கொண்டிருந்தது. நிவாரண வேலை செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அந்தப் பஞ்ச காலத்தில், 1877-இல், லிட்டன் ஊட்டிக்கும் வந்தார். இங்கிலாந்தைப் போலவே மழை, இங்கிலாந்தைப் போலவே சேறு என்று மனைவிக்கு வியந்து கடிதம் எழுதினார். கீழே, நிலமில்லாத சாதிகள் பசியில் கங்காணி பின்னால் நடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஊரில் உபரியானவர்கள் தோட்டத்தில் தேவையானவர்கள் ஆனார்கள்.

அங்கே தேவை முடிந்ததும் மறுபடியும் உபரி. 1948-இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டினார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட மேசையருகில் இல்லை. என் அம்மாயி அந்த 5,25,000-இல் ஒருத்தி. மண்டபத்தில் இறங்கிய மூன்றாம் ஆண்டில் இங்கும் 'கூடுதல்' ஆகிவிட்டார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1971-இல் சுமார் 4.94 இலட்சமாக இருந்த நீலகிரி மக்கள்தொகை 1981-இல் 6.30 இலட்சமானது. அதில் தாயகம் திரும்பிய எங்கள் ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ ஆனது. அதற்காகக் காடு வெட்டப்பட்டது, உண்மை. ஆனால் வெட்டிய நிலத்தில் எங்களுக்கு ஒரு சென்ட் எழுதித் தரவில்லை. ஆளுக்கு அரை ஏக்கர் கொடுத்திருந்தால் வெட்டப்பட்ட காட்டில் சிறு பகுதியே போதுமானதாக இருந்திருக்கும். நிலம் அரசுக்கு, கூலி எங்களுக்கு என்று திட்டம் போட்டார்கள். பிறகு 2022-இல் டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பதாக அரசு ஆணையிட்டது. காடு திரும்ப வளர்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த நிலத்தில் நாற்பது ஐம்பது ஆண்டு கவ்வாத்து வெட்டியவர்களுக்கு எந்த நிலம் என்று கேட்டால்தான் 'மலை இன்னும் எத்தனை பேரைத் தாங்கும்' என்ற பாட்டு தொடங்குகிறது.

கூடலூரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்களை ஒழிக்க 1969-இல் சட்டம் வந்தது. ஏறத்தாழ 80,000 ஏக்கர் விவகாரம். பெரிய தோட்டங்களின் குத்தகை நிலம் 'செக்சன் 17' என்ற பெயரில் பல பத்தாண்டுகள் வழக்கிலேயே ஓடியது. அரசமைப்புச் சட்டம் படிக்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஐ.ஆர். கொயலோ வழக்கு, 2007-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னது, இந்தக் கூடலூர்ச் சட்டத்திலிருந்து கிளம்பியதுதான். அடிப்படைக் கட்டமைப்பு பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் மாணவருக்கு, அந்த நிலத்தில் பட்டா இல்லாததால் மின்இணைப்பு இல்லாமல் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளைத் தெரியாது. பல்லாயிரம் ஏக்கரைக் குத்தகை முடிந்தும் வைத்திருப்பவரை நாம் 'எஸ்டேட் முதலாளி' என்கிறோம். பத்து சென்டில் குடிசை போட்டவரை 'ஆக்கிரமிப்பாளர்' என்கிறோம். பணியர், காட்டுநாயக்கர் குடிகளோ, இந்த இருவருக்கும் முன்பே அங்கிருந்தும், எந்தப் பட்டியலிலும் நிலத்தின் உரிமையாளராக வராதவர்கள்.

எங்கள் தோழர் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். "அப்படின்னா கருத்தடையை எதிர்க்கிறீங்களா?" இல்லவே இல்லை. இங்கேதான் நம் மரபை நாம் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். 1920களின் இறுதியில் சென்னையில் உயர்நீதிமன்ற நீதிபதிகளும் கனவான்களும் சேர்ந்து நியோ மால்தூசியன் லீக் நடத்தினார்கள். ஏழைகள் பெருகுகிறார்கள், நாட்டின் தரம் குறைகிறது என்பது அவர்களின் கவலை. அதே ஆண்டுகளில் பெரியாரும் கர்ப்பத்தடையைப் பேசினார், அவர்களைவிட உரக்கவே பேசினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அதற்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், தாம் கேட்பதோ பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் அங்கே பிரித்துக் காட்டுகிறார். கருவி ஒன்றுதான். அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் பிரிவு. அம்பேத்கரும் 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானத்துக்குப் பின்னால் நின்றார். 1934-இல் ஆபாச வழக்கில் சிக்கிய ர.தோ. கார்வேவுக்காக, பாலியல் கல்வியைப் பேசிய அவருடைய இதழுக்காக, நீதிமன்றத்தில் வாதாடினார்.

அரசின் கைக்குப் போனபோது அந்தக் கருவி என்ன செய்தது என்பதற்கு அவசரநிலையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். 1976–77 என்ற ஒரே ஆண்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். ஆனால் 2014 நவம்பரில், நாம் எல்லோரும் கைப்பேசி வைத்திருந்த காலத்தில், சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்று 2016-இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பாருங்கள்: 2019–21-இல் திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் தாங்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டவர் 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் பாதியைத் தாண்டும். பாரம் தூக்கும் ஆண்கள் அவ்வளவு பேர் போலும்.

இப்போது காற்று மாறி வீசுகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8 என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டுச் சராசரியே 2.0 தான்; மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான 2.1-க்குக் கீழே போய்விட்டது. தொகுதி மறுவரையறை வந்தால் நம் மாநிலத்தின் நாடாளுமன்ற வலு குறையும் என்ற கவலை நியாயமானது. சொன்னபடி குடும்பக் கட்டுப்பாடு செய்த மாநிலத்தைத் தண்டிக்கும் அநீதியை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கவலையில் 2024 அக்டோபரில் ஒரு திருமண மேடையில் முதலமைச்சர், பதினாறு பெற்றுக்கொள்ளலாமா என்று நினைக்கும் நிலை வந்துவிட்டது என்றார். பாதி வேடிக்கையாகத்தான். சில மாதங்களில் மணமக்களிடம் உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளாகவே அது வந்தது. அம்மாயியிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "பக்கெட்ட திருப்பிக் கேப்பாங்களோ?" என்றார்.

தோழருக்கு இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். உலகில் அதிக வருமானமுள்ள 10 விழுக்காட்டினர் 2019-இல் வெளியேற்றிய கரிமம், உலகின் மொத்த அளவில் பாதி என்கிறது ஆக்ஸ்ஃபாம் அறிக்கை. ஏழைப் பாதி, அதாவது 50 விழுக்காட்டினர் வெளியேற்றியது 8 விழுக்காடு. எங்கள் லைனில் பிறக்கும் ஒரு குழந்தையை 'இன்னொரு வாய்' என்று எண்ணுகிறவர்கள், பெங்களூருவிலிருந்து வார இறுதிக்கு மட்டும் வந்து போகும் இரண்டாவது வீட்டை எந்தக் கணக்கிலும் எண்ணுவதில்லை. குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் ஆண்டில் பாதிக்குமேல் பூட்டிக் கிடக்கும் அந்த வீடுகளுக்கும் போர்வெல் இருக்கிறது, சாலை இருக்கிறது, காவலுக்கு எங்கள் பெரியப்பாக்களில் ஒருவர் இருக்கிறார்.

2027-இல் நடக்கவிருக்கும் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். நாம் நீண்ட காலம் கேட்டது. வீட்டில் எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து, கார் உண்டா என்ற கேள்விகள் கணக்கெடுப்பில் ஏற்கெனவே இருப்பவை. எத்தனை ஏக்கர், எந்த வகைப் பட்டா என்பதையும் சாதியோடு சேர்த்து ஒரே தாளில் கேட்கச் சொல்லி நாம் இப்போதே குரல் எழுப்ப வேண்டும். நீலகிரியில் அந்தத் தாள் நிரம்பட்டும். பிறகு நெரிசல் பற்றிப் பேசுவோம்.

வாசிப்பு வட்டம் அடுத்த மாதம் கூடுகிறது. 'பெண் ஏன் அடிமையானாள்?' கர்ப்பத்தடை அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தோழர் ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மாயியையும் அழைத்து வரச் சொல்கிறார். அம்மாயிக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. எனவே கூட்டம் இந்தமுறை எங்கள் லைனில், காலியாகக் கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராவில்.